முதுகுத் தையல்

சிம்மக்கல்லில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
இரவு ஒன்பதுக்கு மேல்
கடைசி விலா எலும்பை உறையிலிட்டு அனுப்பியபின்
படம் பார்க்கும் வெளிச்சப் பெட்டியின் மேல்
பட்டுத்துணி ஒன்றை விரிப்பேன்.

இரண்டு நிமிடம்தான்.
பட்டுக்கு வெளிச்சம் ஆகாது.
மதுரைக்கோ வெளிச்சம் தவிர வேறொன்றும் தெரியாது.

போன தை வரைக்கும் பதினேழு கிமோனோ.
இந்த ஊரில் யாரும் உடுத்திப் பார்த்ததில்லை.
கோரா துணியில் சுற்றி, கட்டிலடிப் பெட்டியில்,
மாத்திரை டப்பாக்களிலிருந்து நர்ஸ் பவுலின்
பொறுக்கித் தரும் சிலிக்கா பொட்டலங்களோடு.
பெட்டி நிறைந்தபோது
கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினாள் மனைவி.
விலை மட்டும் கேட்கவில்லை.

தலைமைத் தபால் நிலையத்தில்
சுங்கத் தாளைப் படித்துவிட்டு
ஒவ்வொரு முறையும் கேட்கிறார் அழகுமலை:
“பழைய நைட்டிக்கா சார் இவ்வளவு?”
ஆமாம் என்று கையெழுத்திடுவேன்.
விளக்கத் தொடங்கினால் வரிசை நீளும்.

விளக்க நினைப்பது இதுதான்:
முக்கால் முழ அகலத் தறித்துணி.
ஓரிடத்திலும் வளைத்து வெட்டாமல்
எல்லாம் நேர்கோடு.
தையலைப் பிரித்தால் மறுபடி முழுத்துணி.
அலசலாம், காயவைக்கலாம், திரும்பத் தைக்கலாம்.
நம்மைப் பிரித்தால் அப்படி ஆவதில்லை,
நான் பார்த்திருக்கிறேன்.

கறுப்பு மேலங்கி ஒன்று இருக்கிறது.
வெளியே பொட்டுப் பூ கிடையாது.
உட்புறத்தில் மழை, ஒரு படகு,
குடையை எங்கோ மறந்துவிட்டு நிற்கும் ஒருவன்.
கழற்றும்போது மட்டும் தெரிந்தால் போதுமென்று
எவனோ பணம் கொடுத்து வரையச் சொல்லியிருக்கிறான்.
அவனை எனக்குப் பிடிக்கும்.

பதினெட்டாவது, குழந்தைச் சட்டை.
ஒரு வயதுப் பையனுக்கு இருக்கும்.
பொம்மைகள் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.
விளக்கைப் போட்டதும்
இளநீல மேகத்தில் வரிசை வரிசையாக விமானங்கள்.
ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும்
கறுப்பு விதைகள் விழுந்துகொண்டிருந்தன.

என் பெரியப்பா தவசி
மேலூரிலிருந்து மலாயாத் தோட்டத்துக்குப் போனவர்.
அங்கிருந்து சயாமுக்கு, தண்டவாளம் போட
ஜப்பான்காரன் ஏற்றிப் போனான்.
பிறகு தபால் இல்லை.
இருபத்தெட்டு வருடமாய்
ஊரார் எலும்பையெல்லாம் படமெடுக்கிறேன்.

விளக்கை அணைத்தேன்.
ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் முனிச்சாலைக்கு எடுத்துப் போனேன்.
சக்குபாய் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர்.
முன்பொரு முறை, புள்ளிகள் நிறைந்த சிவப்புக் கிமோனோவில்
ஓர் அங்குலத்தை நகத்தால் எண்ணிப் பார்த்து
“கட்டினவ சோம்பேறி இல்ல” என்று திருப்பித் தந்தவர்.
கண்ணாடி போடாமல் விமானத்தைப் பார்த்து
“மீனா?” என்றார்.
நான் பதில் சொல்வதற்குள்
முதுகில் ஓடிய விரல் நின்றது.
“கிழியாத எடத்துல எதுக்குத் தையல்?”

கழுத்துக்குக் கீழே, சிவப்பு நூலில்
ஒன்பது தையல்.
வெட்டாமல் விட்ட நுனி வால்போல் தொங்கியது.

விற்ற பெண்ணுக்கு எழுதிக் கேட்டேன்.
கோபேயிலிருந்து சில வரிகள் வந்தன:
பெரியவர் உடையில் முதுகு நடுவே தையல் ஓடும்.
அது கண். பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளும்.
குழந்தைக்கு ஒற்றை அகலம் போதும், தையல் கிடையாது.
அதனால் அம்மா ஒரு கண்ணைத் தைத்து வைப்பாள்.

சக்குபாயிடம் சொன்னேன்.
“நாம கன்னத்துல மை வைக்கிறோம்ல”
என்று அடுத்த முடிச்சுக்குப் போய்விட்டார்.

இன்று பெட்டியில் வைக்க எடுத்தால்
எந்தப் பக்கம் மேலே வர மடிப்பது
என்று தெரியவில்லை.
நான்கு முறை மடித்தேன், பிரித்தேன்.
இப்போதைக்கு நாற்காலியின் முதுகில் கிடக்கிறது,
விளக்கணைத்த அறையில்,
சிவப்பு நூல் என் பக்கமாக.