எந்த மாதம்

கப்பலில் துணி வெளுக்கும் மகன் போனில் சொன்னான்:
வருடத்துக்கு ஒருமுறை
தாய் தகப்பனுக்கு மலிவு டிக்கெட் தருவார்களாம்.
அலாஸ்கா. ஏழு ராத்திரி.
மே தொடங்கி செப்டம்பர் வரை ஓடும்,
மாதத்தை மட்டும் நீங்க சொல்லுங்க.

இனயத்தில் இது புதுக் கேள்வி இல்லை.
மாதம் பார்க்காமல்
இங்கே யாரும் கடலில் கால் வைப்பதில்லை.

ததேயுஸ் யோசிக்கவே இல்லை. ஜூலை, என்றார்.
அறுபத்தொரு நாள் தடைக்காலம்,
போட்டு தேங்காய்ப்பட்டணத்தில் கட்டிக் கிடக்கும்,
கிழிந்த வலையெல்லாம் தைத்துத் தீர்ந்து
மனுஷன் வீட்டுக்குள் காலில் இடறிக்கொண்டு திரிவார்.
ஷெர்வினும் அதையே சொன்னான்:
ஜூலையில் கடல் தகடு மாதிரி,
இருட்டப் பத்து பதினொரு மணியாகும்,
திமிங்கலம் வாலைக் காட்டும்.
டிக்கெட்டு விலையும் திமிங்கலம்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
போகாதே என்று இங்கே சர்க்கார் கயிறு கட்டும் மாதத்தில்
அங்கே வா வா என்கிறது, அதே உப்புத்தண்ணீர்.

ஆகஸ்டில் மழையாம்.
மழை பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு,
பேச்சிப்பாறை பஸ் போதுமே.

செப்டம்பரில் வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுமாம்.
அதற்கு இவர் தலையாட்டவில்லை.
அந்த ஊர் நீவாடு எனக்குத் தெரியாது,
காற்று திரும்புற மாதம் எல்லாக் கடலுக்கும் ஒண்ணுதான், என்றார்.
உண்மைக் காரணம் எனக்குத் தெரியும்.
முப்பத்தைந்து வருடம் சுக்கான் பிடித்த ஆள்,
ஒருநாளும் குமட்டியதில்லை.
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால்
குமட்டிவிடுமோ என்று பயம்.

என் கணக்கு வேறு.
கருங்கல் சந்தையில் ஐஸ் அள்ளி அள்ளி
மரத்துப்போன விரல்கள் இவை.
கட்டியைச் சாக்கில் போட்டு அடித்து
கீழே ஒரு அடுக்கு, சூரை, மேலே ஒரு அடுக்கு.
மத்தியானம் ஒரு மணிக்கு ஐஸ் தண்ணீராகும்,
அப்புறம் மீன் விலையும் தண்ணீர்.
யாரும் பார் கணக்கில் விற்காத ஐஸை,
மலையளவு நின்று
தானே இடிந்து தானே விழுகிற ஐஸை
ஒரே ஒருதடவை
காசு கொடுக்காமல் பார்க்கவேண்டும்.
அது எந்த மாதமும் இருக்கும்மா, என்றான்.

அப்படியானால், மக்களே,
நீ எந்த மாதம் மேலே வருவாய்?

போன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் ஏதோ ஒரு இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது.
அவன் அறை தண்ணீர்மட்டத்துக்குக் கீழே,
ஜன்னல் கிடையாது.
அலாஸ்காவில் நாலு சீசன் வேலை பார்த்தவன்
அலாஸ்காவைப் பார்த்தது
பெரும்பாலும் விருந்தாளிகளின் துண்டில் ஒட்டிய ஈரமாக.

ஜூலையில் மூவாயிரம் படுக்கை விரிப்பும்மா, என்றான்.
மே முதல் பயணத்தில் பாதி அறை காலி.
சாயந்தரம் ரெண்டு மணிக்கூறு
மேல்தளத்துக்கு விடுவாங்க.
ஆனா நல்லா குளிரும். மலையெல்லாம் இன்னும் பனி.
எல்லாரும் ஜூலைதான் நல்லதுன்னு...

மே, என்றேன்.

தடைக்கு முந்தின கடைசி ஓட்டங்கள் அந்த மாதம்தான்.
ததேயுஸ் டீசல், பங்கு, வட்டி என்று
உதட்டுக்குள் எதையோ கூட்டினார்.
கூட்டி முடித்ததை என்னிடம் சொல்லவில்லை.
கோயில் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்து
மே இரண்டாம் வாரத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார்,
மை சரியாக விழாமல் இரண்டாவது தடவையும் போட்டார்.

சித்திரை வெயிலில் நாகர்கோவிலில் ஸ்வெட்டர் தேடினோம்.
கடைப்பையன் பரணில் ஏறி
பிளாஸ்டிக் உறையின் தூசியைத் தட்டினான்.
ஊட்டிக்கா அக்கா?
ஆமா, என்றேன். விளக்கப் போனால் விலை ஏற்றுவான்.

இரண்டு எடுத்துப் பில் போடச் சொன்ன பிறகு
மூன்றாவது ஒன்றையும் கேட்டேன், பெரிய சைஸ்.
அவனுக்கு எதுக்கு, இவர் சொன்னார்,
இஸ்திரிச் சூட்டில் வெந்துகொண்டிருப்பவன்.

மேலே வருவான் இல்லையா.