211-க்கு முன் 203

குளுகோர் மலைச்சரிவில், இரண்டாம் மாடியில்,
கணிதத் துறையின் கௌண்டர் என்னுடையது.
எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதத்தில் தோற்றவள் நான்.
ஆனாலும் பதினேழு வருடமாக
இந்தப் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தைத் தட்டச்சு செய்வது நானே.
நுண்கணிதம் நான்கு கிரெடிட்.
நேரியல் இயற்கணிதம் மூன்று.
‘தியோரி கும்புலான்’ என்று அடிக்கும்போதெல்லாம்
பட்டர்வொர்த் பேருந்து நிலையத்துக் கும்பல்தான் நினைவுக்கு வரும்.

ஒவ்வொரு பாடத்தின் பெயருக்குக் கீழும்
சாய்ந்த எழுத்தில் ஒரு வரி: பிராசியாரத்.
இதைப் படிக்குமுன் அதைப் படித்திரு.
அதற்கு முன் வேறொன்றை.
இந்த வரிகளை மட்டும் நிதானமாக வாசிப்பேன்.
எனக்குப் புரிவது அவை மட்டும்தான்.

நேற்று ஷர்வினி வந்தாள்.
புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மோட்டாரில் பாலம் கடந்து வருபவள்.
ஹெல்மட்டிலிருந்து மழை என் மேசையில் சொட்டியது.
மெய்ப் பகுப்பாய்வு, எண் 211.
இரண்டு முறை விழுந்துவிட்டாள்.
பாடத்தைக் கைவிடும் படிவம் கேட்டாள்.
கொடுத்தேன்.
நிரப்பாமல் கையேட்டைப் புரட்டிக்கொண்டு நின்றாள்,
கதவு வேறெங்காவது இருக்கிறதா என்று பார்ப்பவள் போல.
பிறகு சொன்னாள்:
“அக்கா, இதுவரைக்கும் இங்க யாரும் டிகிரி வாங்கியிருக்க முடியாது.”

போன வாரம்தான் பட்டமளிப்பு விழா.
நூற்றுப் பதினான்கு அங்கிகளை எண்ணித் திரும்ப வாங்கியவள் நான்.
ஒரு தொப்பியில் குஞ்சம் குறைந்தது.

அவள் படிவத்தைத் திருப்பிப் போட்டு எழுதினாள்:
யாரோ ஒருவர் பட்டம் வாங்கினார் என்று கொள்வோம்.
அவர் 211 படித்திருக்க வேண்டும்.
211-க்கு முன் 203.
203-க்கு முன்
(கையேட்டில் விரலை வைத்துக் காட்டினாள்) 211.
அதற்கு முன் 203.
முதல் நாள் என்று ஒரு நாள் இல்லை.
முரண்.
ஓரத்தில் சின்னதாய் ஒரு கறுப்புக் கட்டம் தீட்டினாள்.

“முரண்னா, சண்டையா?”
“இல்லக்கா. முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்.”

111 என்று இருந்திருக்க வேண்டும்.
ஒன்றை அடிக்க வேண்டிய விரல் இரண்டை அடித்திருக்கிறது,
மூன்று வருடத்துக்கு முன், ஜூலையில்.
கணினிப் பதிவில் எல்லாம் சரி.
என் தாள் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது,
மூன்று பதிப்பாக,
ஒரு பேராசிரியர் கண்ணிலும் படாமல்.

அந்த ஜூலை எனக்கு நினைவிருக்கிறது.
பாயா தெருபோங்கில் பதினெட்டாம் மாடியில் ஒரு வீடு.
முன்பணத்துக்குச் சேமநிதி.
சேமநிதியைத் தொட வங்கியின் கடன் கடிதம்.
கடன் கடிதத்துக்கு ஒப்பந்தம்.
ஒப்பந்தத்துக்கு முன்பணம்.
மதிய இடைவேளைதோறும் ஒவ்வொரு கௌண்டராக நின்றேன்.
எல்லாரும் என்னைப் போலவே பேசினார்கள்:
அதை முடிச்சிட்டு வாங்க.
கடைசியில் கைவளையலைக் கழற்றி அடகுக்கடையில் வைத்தேன்.
அடையாள அட்டை ஒன்று போதும் என்றார்கள்.
அடகுக்கடைக்குப் பிராசியாரத் கிடையாது.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
“தப்பை எப்படித் தேடிக் கண்டுபிடிச்ச?” என்று மட்டும் கேட்டேன்.
“தேடலக்கா.
எங்கேர்ந்து ஆரம்பிச்சாலும் 211-லயே வந்து நின்னுச்சு.”
சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தாள்.
மழைதான் என்று கொள்வோம்.

ஹெல்மட்டை எடுத்துக்கொண்டு போனாள்.
படிவத்தை விட்டுவிட்டுப் போனாள்.

கைவிடக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து.
இன்று வியாழன்.
இரண்டை அழித்து ஒன்று போட்டேன், ஒரு நொடி வேலை.
படிக்கட்டின் கீழ் அட்டைப்பெட்டியில்
யாராலும் பட்டம் வாங்கமுடியாத கையேடுகள்
இன்னும் நாற்பது கிடக்கின்றன.
படிவம் என் இழுப்பறையில்.
பின்பக்கம் நிரூபணம்.
முன்பக்கம் பெயர் எழுதும் இடம், காரணம் எழுதும் இடம்,
இரண்டும் காலி.