நீலம், எட்டு மணி நேரம்

பஹாவ்விலிருந்து பக்கத்துக் கடலுக்கே
ஒன்றரை மணி நேரம், வழியெல்லாம் செம்பனை.
அதனால் உப்பை மூட்டையில் வாங்கினேன்.

இரண்டடித் தொட்டி. பழசு.
ஆபீஸ் கிராணி மாற்றலாகிப் போகும்போது
அரோவானாவை விற்றுவிட்டு
வெறும் கண்ணாடியை எனக்குத் தந்தார்,
அறுபது வெள்ளி.

மீன்கடை ஹோ கேட்டார்: முதல் தடவையா?
ஆமாம்.
அப்படியென்றால் மீனைப் பார்க்காதே, ஃபில்டரைப் பார்.

கீழே இன்னொரு தொட்டி வைத்து
குழாயில் இறக்கி மோட்டாரில் ஏற்றுவது நல்லதுதான்.
என் மேசை ஒட்டுப்பலகை, தாங்காது.
முதுகில் மாட்டுகிற பெட்டி போதும் என்றார்.
நுரை பிரிக்கும் ஸ்கிம்மர் சின்னதாக ஒன்று.
பஞ்சை வாரம் ஒருமுறை கழுவு,
குழாய்த் தண்ணீரில் மட்டும் வேண்டாம்.
மற்ற வேலையைப் பாறை பார்த்துக்கொள்ளும்:
உயிர்ப்பாறை ஏழு கிலோ,
நனைந்த சீன நாளிதழில் சுற்றி,
உள்ளே ஒளிந்து வந்த நண்டு ஒன்று இலவசம்.

பாறை எப்படிப் பார்க்கும் என்று
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
மில்லில் என் வேலை கழிவுக் குளங்கள்.
ஏழு குளம், ஒன்று வழிந்து ஒன்றில் விழும்.
முதலாவதில் குமிழி விடும் பழுப்பு.
கடைசியில், ஆற்றில் விடலாம் என்று
நான் கையெழுத்துப் போடுகிற தண்ணீர்.
நடுவில் உழைப்பவை கண்ணுக்குத் தெரியாது,
ஓவர்டைம் கேட்காது,
அவசரப்படுத்தினால் செத்துப்போகும்.
மேனேஜருக்கு இதை வருடா வருடம் சொல்கிறேன்.

வீட்டில் தம்பி குணாளனுக்குச் சொன்னேன்.
ஐந்து வாரம் இரண்டு பேரும்
வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.
மீன் எங்கே என்று வந்தவர்களுக்கு
அம்மோனியாவைக் காட்டினேன்:
சோதனைக் குழாயில் கரும்பச்சை,
பிறகு தளிர்ப்பச்சை,
ஒரு செவ்வாய்க்கிழமை, மஞ்சள்.

காளான் பவளம் ஒன்று கொடுத்தார் ஹோ,
சட்டைப் பொத்தான் அளவு.

விளக்கில்தான் தவறினேன்.
அவர் சொன்னது சின்னது,
நான் இணையத்தில் வாங்கியது அதைப் போல் மூன்று மடங்கு.
பவளத்துக்கு வெளிச்சம்தான் சோறு என்கிறார்கள்,
அள்ளி வைக்கத்தானே கை போகும்.
காலை ஏழுக்கு ஏற்றி இரவு பதினொன்றுக்கு அணைத்தேன்.
கண்ணாடிக்குத் தாடி முளைத்தது,
முதலில் பழுப்பு, அப்புறம் பச்சை.
காளான் பொரித்த அப்பளமாய்ச் சுருண்டது.
கரண்ட் பில் முப்பத்தெட்டு வெள்ளி கூட.
பக்கத்து வீட்டு மாக் சிக் ரோகாயா
சன்னலைப் பார்த்துக் கேட்டார்,
சூராவ் வரைக்கும் நீலமாகத் தெரிகிறதே,
கரவோக்கே திறந்துவிட்டாயா?

நவம்பர் மழையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
இரண்டு இரவு, இரண்டு பகல்.
குணாளன் தூண்டில் பையிலிருந்து
உயிர் இறாலுக்கு வைத்திருந்த
பேட்டரி காற்றுப் பம்பை எடுத்து வந்தான்.
கர்ர்ர் என்று அது ஒன்றுதான்
வரிசை வீடு முழுக்க ஓடிய யந்திரம்.
முதுகுப் பெட்டியின் பஞ்சைக் கழற்றித்
தொட்டிக்குள்ளேயே போட்டேன், கிருமிகள் மூச்சுவிடட்டும் என்று.
விளக்குக்கு எதுவும் செய்ய முடியவில்லை.

மூன்றாம் நாள் கரண்ட் வந்தது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
தாடி வெளுத்துக் கழன்றுகொண்டிருந்தது.
காளான்
ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு
விரிந்து படுத்திருந்தது, ஊதாவும் பச்சையும்.
நான் காட்டிய அன்பிலிருந்து
லீவு கிடைத்ததுபோல.

கேட்டு ஹோ சிரிக்கவில்லை.
விளக்கை ஒரு முழம் உயர்த்து,
முப்பது சதவீதம் வை, டைமர் போடு என்றார்.
டைமர் பன்னிரண்டு வெள்ளி.

மதியம் ஒன்றிலிருந்து ஒன்பது வரை.
நான்காம் நாளே மாக் சிக் வந்தார்:
ஏன் சீக்கிரம் அணைக்கிறாய்?
இஷா தொழுதுவிட்டு வரும்போது
அந்த வெளிச்சத்தில்தான் காலடிக் கானைத் தாண்டுகிறேன்.

ஒன்றரைக்கு மாற்றி வைத்தேன்,
ஒன்பதரைக்கு அணையும்.
பவளத்துக்கு எல்லாம் ஒன்றுதான்,
எட்டு மணி நேரம் எட்டு மணி நேரமாக இருந்தால்.