நாளை பத்து மணிக்கு ஆள் வருவார்

மோட்டார் போன மறுவாரம்
கேமரா வைப்பதென்று முடிவாயிற்று.
எடுத்தவன் நிதானக்காரன்.
நான்கு போல்ட்டையும் கழற்றி
துவைக்கிற கல்லின்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தான்,
அடுத்த மோட்டாருக்கு எனக்குத் தேவைப்படுமென்று.

கடையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.
ஏணி இருக்கிறதா மேடம்?
பரணைக் காலி செய்யுங்கள், வயர் அந்த வழியாகத்தான் வரும்.
பாதாம் மரக் கிளையை வெட்டிவிடுங்கள்,
இல்லாவிட்டால் ராத்திரியெல்லாம் இலைதான் பதிவாகும்.
பீரோவை நகர்த்தி வையுங்கள்.
வைஃபை பாஸ்வேர்டை எழுதி வையுங்கள்.
பிறகு, மனப்பாடம் செய்த வரியாக,
எங்கெங்கே பயம் என்று யோசித்து வையுங்கள் மேடம்.

ஏணி, இஸ்திரி போடும் கன்னியப்பனுடையது.
சுற்றுச்சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவள்
பாதிச் சோற்றில் எழுந்து ஓடினேன்:
மொட்டைமாடிக்கு நானே படி போட்டு வைத்திருக்கிறேன்!
பழைய சைக்கிள் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு கட்டினேன்,
முட்ட வரும் மாட்டைக் கட்டுவதுபோல.

பாஸ்வேர்டு, வீட்டுக்கடன் எண்ணின் கடைசி எட்டு இலக்கம்.
கடன் போன சித்திரையில் தீர்ந்தது.
எண் இன்னும் விரலைவிட்டுப் போகவில்லை.

பரணில்
கல்யாணத்துக்கு வந்த ஏழு சுவர்க்கடிகாரங்கள்,
ஒற்றை ஃபேன் இறக்கை,
மூடி மட்டும் மிஞ்சிய குக்கர்.
திருடனுக்கு வேண்டாம். எனக்கும் வேண்டாம்.
ஆனாலும் ஒவ்வொன்றாய்த் துடைத்து இறக்கினேன்.
ஊர்ப் பெயரே புழுதிவாக்கம்,
துடைத்து மாளாது.

ராத்திரி பதினொரு மணிக்கு, எங்கெங்கே பயமென்று பார்க்க
நைட்டியோடு வெளியே போய்
கதவைப் பூட்டி, சாவியைத் தொட்டிக்கடியில் வைத்துவிட்டு
திருடியாக வீட்டைச் சுற்றி வந்தேன்.
குளியலறை வென்டிலேட்டரில் இரண்டு கண்ணாடி, உருவினால் வரும்.
உருவினேன். வந்தது.
பின்கதவுத் தாழ்ப்பாள், தோளால் ஒரு தள்ளு தள்ளினால்
மரியாதையாய் விலகிக்கொள்கிறது.
சாவி எங்கே என்று யோசிக்கவே வேண்டியதில்லை,
இந்தத் தெருவில் எல்லார் சாவியும் தொட்டிக்கடியில்தான்.

பக்கத்து மாடியில் விளக்கெரிந்தது.
யாரது? என்றார் மெஹருன்னிசா.
நான்தான், என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
கேட்டிருந்தால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.
சரிம்மா என்று விளக்கை அணைத்துவிட்டார்.

காலையில் ஜெரோம் வந்தான். தோளில் டிரில் பை,
காதில் பென்சில்.
பீரோவை நகர்த்த மறந்துவிட்டேன் என்றேன்.
மறந்தேன் என்பது பொய்.
இருவரும் சேர்ந்து தள்ளினோம்.

பின்னால் சுவரில், என் நெஞ்சுயரத்தில்
ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு.
இரண்டாயிரத்துப் பதினைந்து, டிசம்பர்.
வீடெல்லாம் பெயின்ட் அடித்தபோது
எப்படியும் பீரோ மறைக்கும் என்று
இந்த ஒரு சுவரை மிச்சம் பிடித்தோம்.

அன்றைக்குப் பூட்டு பூட்டியபடியே இருந்தது.
தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.
முதல் தண்ணீர் கழிவறைக் கோப்பை வழியாக
எழுந்து வந்தது.

அவன் எதுவும் கேட்கவில்லை.
எங்க வீட்ல சுவிட்ச் போர்டு வரைக்கும், என்றான். முடிச்சூர்க்காரன்.
பென்சிலை எடுத்து
கோட்டுக்கு மேல் நான்கு விரல் வைத்தான்,
கொஞ்சம் யோசித்து
இன்னும் நான்கு விரல் வைத்து
பெருக்கல் குறி போட்டான்.
ரெக்கார்டர் இங்க இருக்கட்டும் மேடம்.

டிரில் கத்தத் தொடங்கியதும்
கீழே செய்தித்தாளை விரித்துப் பிடித்தேன்.
செங்கல் தூள் சிவப்பாய்க் கொட்டியது.
கோட்டின்மேலும் கொஞ்சம் படிந்தது.
துடைக்கவில்லை.

மதியம் மூன்று மணிக்கு போனில் முதல் எச்சரிக்கை:
வாசலில் நடமாட்டம்.
கை நடுங்கத் திறந்தேன்.
பாதாம் இலை, படம் முழுக்க.
கிளையை மட்டும்
நிஜமாகவே மறந்திருந்தேன்.