இரண்டு நிமிடம்

முப்பத்தொரு வருடம் டிப்போவில் நேரக் காப்பாளன்.
ஓய்வு பெற்ற அன்று
சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள்.
சிரிக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் வீட்டில்
குக்கர் விசிலுக்கு நேரம் குறித்தேன்.
தபால்காரர் பதினொன்று இருபது, நான்கு நிமிடம் தாமதம்.
மூன்றாம் வாரம் செங்கமலம்
நோட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டாள்:
"போய் நாலு மனுச முகத்தப் பாருங்க."

கும்பகோணம் பெரியாஸ்பத்திரி,
டயாலிசிஸ் பிரிவு, ஆறு கட்டில்.
சக்கர நாற்காலி தள்ள ஆள் வேண்டுமாம்.
சம்பளம் இல்லை. ஒரு டீ உண்டு.

ஆளுக்கு நான்கு மணி நேரம்.
எந்திரம் சுற்றும்போது யாரும் நோயைப் பேசுவதில்லை,
பஸ்ஸைப் பேசுகிறார்கள்.
இதை விட்டால் எட்டேகாலுக்குத்தான்,
இறங்கி இருட்டில் ஒன்றரை மைல்.

திருப்பனந்தாள் பக்கத்துக் குஞ்சிதபாதம்
வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம் சொன்னார்:
"வயலுக்கு முறை வச்சு விடுறோம்.
எனக்கு நாளொன்னுக்கு
அரை லிட்டர் முறை."
நர்ஸிடம் கேட்டு
நாக்கில் ஒரு ஐஸ் துண்டு வைத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டார்,
மடை திறந்த சத்தம் கேட்பவர்போல.

டிப்போவுக்குப் போனேன்.
என் நாற்காலியில் இருந்த பையன் எழுந்து நின்றான்.
ஆறு பத்து ஆவூர் வண்டியை
இரண்டு நிமிடம் பிடித்து வை என்றேன்.
ஒரு நிமிடத்துக்கு
அவன் அப்பனுக்கே மெமோ கொடுத்தவன் நான்.
அதை அவன் சொல்லவில்லை.

செவ்வாயும் வெள்ளியும்
கோவிந்தகுடி ரஹமத்துன்னிசா
ஊசி ஏறிய கையை முந்தானையில் சுற்றி
முன்படியில் ஏறுவாள்.
கண்டக்டர் முதல் சீட்டில்
தன் பையைப் போட்டு வைத்திருப்பார்.
ஏறுமுன் எனக்கு ஒரு பேரீச்சம்பழம்,
அவளுக்குக் கூடாதது.

போன வெள்ளி நான்காம் கட்டில் காலி.
போன் வந்தது பத்து நாற்பதுக்கு.
ஓடாத வண்டிக்குச் சிவப்பு மையில்
'ரத்து' என்று எழுதுவது வழக்கம்.
(பரணிலிருந்து நோட்டு எப்போதோ இறங்கிவிட்டது.
இப்போது அதில் பெயர்கள்.)
பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.

சாயங்காலம் ஸ்டாண்டில் நின்றேன்.
ஆறு பத்து.
ஆறு பதினொன்று.
டிரைவர் கண்ணாடி வழியே
ஆஸ்பத்திரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் கை காட்டவில்லை.

ஆறு பன்னிரண்டுக்கு,
முதல் சீட்டில் பை இருக்க,
வண்டி கிளம்பியது.