ஐம்பது பென்ஸ் பெட்டி

நீதிமன்றம் எனக்கு விதித்தது எண்பது மணி நேரம்.
அதில் முப்பத்தொன்றை
டண்டீயில் ஒரு நன்கொடைக் கடையின் பின்னறையில்
பழைய சிடிகளைத் தரம்பிரித்துக் கழித்தேன்.
ஊரார் அலமாரிகள் எல்லாம்
கருப்புப் பைகளில் வந்து இறங்கும் இடம் அது.
ஈரக் கம்பளி வாடை. இருமும் ஹீட்டர்.
எந்தப் புதிர்ப் பெட்டியைத் திறந்தாலும்
வானத்தில் ஒரு துண்டு குறையும்.

அங்கேதான் நடந்தது பட்டிமன்றம்.
நடுவர் இல்லை. மணியும் இல்லை.
எந்த ஆல்பத்தின் காலம்
உலகத்தைப் பிடித்து ஆட்டியது?

ராடெரிக் வரி அலுவலகத்தில் இருந்தவர்.
எண் பொய் சொல்லாது என்றார்.
"மஞ்சள் மழைக்கோட்டு நால்வர்.
பதினாறு வாரம் முதலிடம்.
அந்தக் கிறிஸ்துமஸில் என் தெருவில் பதினாலு வீடு,
பதிமூன்றில் அந்தத் தட்டு.
பதினாலாம் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது."

"எண்ணை யாராவது தலையில் வாரிக்கொண்டார்களா?"
செங்கா கேட்டாள்.
வெள்ளி விக் பாடகி வந்த வருஷம்
அவள் வகுப்பில் நாற்பது பெண்கள்
இடது புருவத்தைப் பாதி மழித்தார்களாம்.
"எனக்கு அது திரும்ப முளைக்கவே இல்லை, பார்."
பார்த்தோம்.
அங்கே பென்சில் கோடு மட்டும் இருந்தது.

மிர்ரனுக்குப் பத்தொன்பது வயது,
இரக்கம் என்பதே கிடையாது.
"ஒருவர் தெருவைச் சொல்கிறீர்கள், ஒருவர் புருவத்தை.
பச்சை ஆல்பம் வந்தபோது
பற்பசை பச்சை, பேருந்து பச்சை,
தேர்தலில் தோற்றவர் கட்டிய டையும் பச்சை.
கேட்காதவர்களும் அதற்குள்தான் இருந்தார்கள்.
குடை இல்லாதவன் மழைக்குள் இருப்பது மாதிரி."

நான் வாயைத் திறக்கவில்லை.
என் தரப்பில் ஒரே ஓர் ஆல்பம்,
அட்டையில் வெறும் நாற்காலி,
விமர்சகர்கள் துப்பிய ஆல்பம்.
அது வந்த அக்டோபரில் குடித்துவிட்டு ஓட்டினேன்.
வண்டி வேலிக்குள் புகுந்து நின்ற பிறகும்
அது பாடிக்கொண்டே இருந்தது.
வந்த போலீஸ்காரர்
ஊதச் சொல்லிக் குழாயை நீட்டும் முன்
ஜன்னல் வழியே தலையைச் சாய்த்துக் கேட்டார்:
"மூன்றாவது பாட்டா?"
ஆமாம் என்றேன்.
அது முடியும்வரை
இரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை.

இதைச் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பேன்.
ஆனால் எதற்காக இங்கே வந்தேன் என்றும்
சொல்ல வேண்டியிருக்கும்.

அன்றைய பைகளைக் கொட்டி எண்ணினோம்.
மஞ்சள் கோட்டு ஒன்பது,
வெள்ளி விக் பதினொன்று,
பச்சை இருபத்தாறு.
"ஜெயித்துவிட்டேன்!" என்று குதித்த மிர்ரன்
பாதியில் நின்றாள்.
இருபத்தாறு பேர் வேண்டாம் என்று தந்தது அது.
ஐம்பது பென்ஸ் பெட்டியில் போட்டோம்.
ஒரு மாதம் யாரும் கை வைக்கவில்லை.

கடைசியில் செங்கா எல்லாவற்றையும் கேட்டு வாங்கினாள்.
தன் குத்தகைத் தோட்டத்துப் பட்டாணிப் பாத்திக்கு மேல்
சரம் சரமாய்க் கட்ட, புறாக்களை விரட்ட.
ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போனோம்.
(அந்த மூன்று மணி நேரம் என் எண்பதில் சேராது.)
காற்றில் எல்லாத் தட்டும் ஒரே மாதிரி சுழன்றது,
ஒரே மாதிரி மின்னியது.
புறாக்கள் வரவில்லை.
கடற்காகம் ஒன்று மட்டும்
எதையும் மதிக்காமல் கம்பத்தில் உட்கார்ந்திருந்தது.

ராடெரிக் விடவில்லை.
கவிழ்த்த வாளி மேல் ஏறி,
சுழலும் தட்டைப் பிடித்து நிறுத்தி,
கண்ணாடியை மூக்கில் இறக்கி
ஒவ்வொன்றாய்ப் பேர் படித்தார்.
"பச்சை ஏழு... விக் மூன்று...
இதென்ன, ஒரு நாற்காலி?"

நான் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது மழை பிடித்தது.
செங்காவின் பாதிப் புருவம்
கரைந்து கன்னத்தில் இறங்கியது.
அவள் துடைக்கவில்லை.
வாளி மேலிருந்து ராடெரிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி," என்றார். "உனக்கு ஒரு ஓட்டு."