கால் சுற்று

போன புதன் மழையில்
இடப்பக்கப் பை அறுந்து விழுந்தது.
பின்னால் வந்த செம்பனை லோரிக்காரன்
நல்ல பையன், உடனே நிறுத்தினான்.
நிறுத்திய இடம்தான்
மூணாம் டிவிஷன் கல்யாணப் பெண்ணின்
பட்டு ஜாக்கெட்.

பதினோரு ராத்திரி அந்தக் கைவேலை.

அதனால் இன்று சிலிம் ரிவரில்
கோக் லியோங் கடை முக்காலியில் உட்கார்ந்து
"சட்டுனு கழலணும், தானா கழலக் கூடாது"
என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
"எல்லாரும் அதான்க்கா கேக்குறாங்க"
என்று பழைய பேப்பரை விரித்தான்.

ரப்பர் வைத்த கொக்கி, இருபத்தெட்டு வெள்ளி.
மேலே தூக்கினால் வந்துவிடும்.
லயத்து நாய் தூக்கினாலும் வந்துவிடும்.

அடுத்தது திருகு. அமுக்கி
கால் சுற்று திருப்பினால் 'டக்'.
ஒரு கை போதும்.
என் மறு கையில் எப்போதும்
குடை, அல்லது யாரோ வீட்டுக் கேட்டு.

மூன்றாவது சாவி போட்டது.
திருடன் திணறுவான். நானும் திணறுவேன்:
என் சாவிகள் போகும் இடம்
பட்டன் டப்பாவுக்குத்தான் தெரியும்.

தைத்து முடித்தது ஒரு பையில்.
கிளினிக் வாசலில், கோயில் வாசலில்
வண்டியோடு தனியாக நிற்கும்.
அதற்குச் சாவி.
வெட்டாத துணி இன்னொன்றில்.
வீட்டுக்கு வீடு கழற்றி, உள்ளே போய்,
அளவெடுத்து, வெளியே வந்து மாட்டி.
அதற்குக் கால் சுற்று.
புகைக்குழாய் வலப்பக்கம், பட்டுக்குச் சூடு ஆகாது.
எனவே சாவி இடது, திருகு வலது.

"ஒவ்வொன்னுலயும் ஒரு பக்கம் குடு."
"ஜோடியை உடைச்சா மிச்சம் யாரு வாங்குவா?
இடது இடதுக்கு மட்டும்தான் சேரும், பாருங்க வளைவை."

பார்த்தேன். வளைவு உண்மைதான்.
எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது
கடைக்குள் மீன் வாசம் வந்தது,
அதன் பின்னால் ஹம்டான் வந்தார்.

அவர் பனிப்பெட்டி நாளுக்கு நாற்பது தடவை இறங்கி ஏறும்.
வெப்பம் ஆகாது, ஆகவே இடப்பக்கம்.
காசு டின்னும் தராசும் வலப்பக்கம்.
போன மாதம் தராசை யாரோ
சூராவில் தொழும் நேரம் பார்த்து எடுத்துப் போனார்கள்.
இரண்டு பக்கமும் திருகு கேட்டு வந்தவர்
இதைச் சொல்லிக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

நானும் கோக் லியோங்கும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சாவியின் இடது எனக்கு, வலது அவருக்கு.
திருகின் வலது எனக்கு, இடது அவருக்கு.
ஒரே ரசீதில் இரண்டு பெயர் எழுதினான்:
பவளக்கொடி தையல், ஹம்டான் மீன்.
அறுபத்தொன்பது வெள்ளி ஆளுக்கு.
ஒரு வெள்ளி குறைக்கச் சொன்னேன்.
அவர்தான் வேண்டாம் என்றார்.

சாவியை அளவு நாடாவில் முடிந்துகொண்டேன்.
புகைக்குழாய்க்கும் பைக்கும் இரண்டு விரல் இடைவெளி,
மூன்று தரம் வைத்துப் பார்த்தேன்.

தோட்டத்து முகப்பில் வேகத்தடை மூன்று.
பழைய பை ஒவ்வொன்றுக்கும் 'டொக்' என்று
தான் இருப்பதைச் சொல்லும்.
முதல் மேடு, சத்தமில்லை.
இரண்டாவதிலும் இல்லை.
நிறுத்தி, காலை ஊன்றி,
திரும்பிப் பார்த்தேன்.

இருந்தது.

மூன்றாவது தாண்டியும்
பார்த்தேன்.